மாற்றுச் சிறுநீரகமும் விடாத தலைவலியும்

நேயர்களுக்கு வணக்கம். மாற்றுச் சிறுநீரகம் பொருத்தி ஒன்றிரண்டு வருடம் நன்றாக இருந்தவருக்குத் தலைவலி வருகிறது. பிரஷராக இருக்கும் என்று கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்கிறார். அடுத்த வாரமும் வலி. காய்ச்சல் பெரிதாக இல்லை, கழுத்து விறைப்பும் இல்லை. சரி, பயமில்லை என்று வீட்டில் இருந்துவிடுகிறார். எனக்குப் பெரிய கவலையே இந்தத் தைரியம்தான்.

புது உறுப்பை உடல் ஒதுக்கிவிடாமல் இருக்க டாக்ரோலிமஸ், மைக்கோபீனோலேட், பிரெட்னிசோலோன் கொடுக்கிறோம். கிருமியோடு சண்டை போடும் சக்தியையும் இவை சேர்த்தே அடக்குகின்றன. காய்ச்சலும் விறைப்பும் அந்தச் சண்டையின் அடையாளங்கள். சண்டையே நடக்காதபோது அடையாளம் எங்கிருந்து வரும்?

கிரிப்டோகாக்கஸ் என்று ஒரு பூஞ்சை. புறா எச்சத்திலும் எச்சம் கலந்த மண்ணிலும் இருக்கும். தூசியோடு நுரையீரலுக்குள் போகும். மற்றவர்களுக்குப் பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. இந்த மருந்துகள் சாப்பிடுகிறவர்களில் சிலருக்கு மட்டும் ரத்தம் வழியாக மூளைக்கும் அதன் உறைக்கும் பரவிவிடும். அபூர்வம்தான், ஆனால் உயிருக்கே ஆபத்து.

ஸ்கேனில் ஒன்றும் தெரியாமல் போகலாம். முதுகில் ஊசி போட்டு, மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றியிருக்கும் நீரை எடுத்துப் பார்க்க வேண்டும். ‘கால் விளங்காமல் போய்விடுமே’ என்று வீட்டார் தயங்குவார்கள். தண்டுவடம் முடிகிற இடத்துக்குக் கீழேதான் ஊசி போகிறது. அந்த நீரில் ஒரு சொட்டோடு கறுப்பு மையைக் கலந்து நுண்ணோக்கியில் பார்த்தால், கறுப்புக்கு நடுவே உருண்டையான பூஞ்சை, சுற்றிலும் பளிச்சென்று ஒரு வளையம். அது பூஞ்சையின் தடித்த உறை, மை அதற்குள் புகாது. மையில் தப்பினாலும், பூஞ்சையின் உறைப்பொருளைத் தேடும் ஆன்டிஜென் சோதனையில் பெரும்பாலும் பிடிபட்டுவிடும். மூளையில் அழுத்தம் ஏறியிருந்தால், நீரை வடிப்பதே தலைவலியைக் குறைக்கும்.

சிகிச்சைக்கு ஆம்போடெரிசின், ஃப்ளூசைட்டோசின் என்ற பூஞ்சைக்கொல்லி மருந்துகள் இரண்டும் குறைந்தது 2 வாரம். அப்புறம் மாதக்கணக்கில் ஃப்ளூகோனசோல் மாத்திரை. இது ரத்தத்தில் டாக்ரோலிமஸ் அளவை ஏற்றிவிடும், அதனால் அளவு பார்த்துப் பார்த்து டாக்ரோலிமஸ் டோஸைக் குறைப்போம். தொற்று என்றதும் சிறுநீரகத்துக்காகச் சாப்பிடும் மருந்தை நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள். சிறுநீரகம் போய்விடலாம். அடங்கியிருந்த எதிர்ப்புச் சக்தி திடீரென்று கிளம்பி மூளையில் வீக்கத்தையும் கூட்டலாம்.

பால்கனியில் புறா எச்சம் இருந்தால் வீட்டில் வேறு யாராவது தண்ணீர் தெளித்து, முகக்கவசம் போட்டுக் கழுவட்டும். தலைவலி சில நாட்களில் விடவில்லையா, பார்வை இரண்டாகத் தெரிகிறதா, பேச்சு குழறுகிறதா, மாற்று சிகிச்சை செய்த மருத்துவமனைக்கே போங்கள். வேறு எங்கே போக நேர்ந்தாலும், சீட்டுப் போடும்போதே ‘கிட்னி மாற்றியவர்’ என்று சொல்லி, மருந்துச் சீட்டை மருத்துவரிடம் கொடுங்கள்.