45 கோன், 1 சீரியல் செட், கையை விட்டுப் போன ஹாட்பாக்ஸ் | பனியன் கம்பெனியில் கிறிஸ்துமஸ் மரப் போட்டி

வணக்கமுங்க. இன்றைக்குக் கேமரா கொஞ்சம் ஆடும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஸ்டாண்டு ஆபீசில் இருக்கிறது. ஏன் அங்கே இருக்கிறது என்பதும் இந்தக் கதையில்தான் வரும். போன வீடியோவில் ஊட்டி போகிறேன் என்று சொன்னேன் அல்லவா, போகவில்லை. அதை யாரும் கேட்காதீர்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் கம்பெனியில் இந்த வருடம் மரம் அலங்கரிக்கும் போட்டி வைத்தார்கள். டிபார்ட்மென்ட்டுக்கு ஒரு மரம். அவரவர் வேலை என்னவோ அதுதான் தீம். 500 ரூபாய்க்கு மேல் செலவு செய்யக் கூடாது. இந்த 500-ஐ ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் இதற்காகத்தான் கத்தப் போகிறேன்.

திருப்பூரில் வேலை செய்கிறவர்களுக்கு டிசம்பரில் கிறிஸ்துமஸ் கிடையாது என்று போன வருடமே சொன்னேன். எங்களுக்கு அது மே மாதமே வந்துவிடும். வெளியே கத்திரி வெயில் கொளுத்தும்போது, உள்ளே ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து ரெயின்டீர் பிரிண்ட்டுக்கு ஸ்ட்ரைக்-ஆஃப், அதாவது துணியில் அடித்துப் பார்க்கும் மாதிரி பிரிண்ட், பார்த்துக்கொண்டிருப்போம். அந்த மானின் மூக்குச் சிவப்பை, ஆர்டர் கொடுக்கும் பயர் 3 முறை ரிஜெக்ட் செய்தார்! செப்டம்பருக்குள் சரக்கு லாரி ஏறித் தூத்துக்குடி துறைமுகம் போய்ச் சேர்ந்துவிடும். அதோடு எங்களுக்குப் பண்டிகை முடிந்தது. அதனால் டிசம்பரில் மரம் என்றதும் எல்லோருக்கும் ஒரே குஷி. முதல்முறையாக யாருக்கும் அனுப்பாத கிறிஸ்துமஸ்.

மாதிரி உடை தைக்கும் எங்கள் சாம்பிளிங் செக்‌ஷனுக்குக் கோன் மரம். நூல் சுற்றி வரும் அட்டைக் கோன் இருக்கிறதே, நிட்டிங்கில் நூல் தீர்ந்ததும் காலியாகக் கிடக்குமே, அதுதான். எந்தக் கவுன்ட், அதாவது நூல் எவ்வளவு மெல்லிசு என்று ஆளுக்குச் சட்டென்று தெரியத்தான் மில்லில் ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம் வைக்கிறார்கள். மில்லுக்கு மில் நிறம் மாறும். எனக்குப் பச்சை மட்டும் வேண்டும். கீழ் வரிசையில் 9, அதற்கு மேல் 8, இப்படியே உச்சியில் 1. மொத்தம் 45. வாய் நம்மைப் பார்த்தபடி இருக்க வேண்டும்.

தேடியதில் கிடைத்தது 31. மிச்சம் 14-க்கு, காலி கோன் எடுக்கும் அண்ணனிடம் போனேன். ஒன்று 5 ரூபாய் என்றார். நான் 2 என்றேன். "அம்மிணி, நீங்க லட்ச ரூபாய் மிஷின்ல உட்கார்ந்துட்டு 2 ரூபாய்க்கு நிக்கறீங்க" என்றார். மிஷின் என்னுடையதா அண்ணா என்று கேட்டேன். 25 நிமிடம் பேசி 3 ரூபாயில் முடிந்தது, 42 ரூபாய். 50-ஐ நீட்டினால் சில்லறை இல்லை. பாக்கி 8 ரூபாய்க்கு இன்னும் 2 கோன் தலையில் கட்டிவிட்டார். அவையே மரத்துக்கு அடித்தண்டு ஆயின. நான் ஜெயித்தேனா அவர் ஜெயித்தாரா என்று கமென்ட்டில் சொல்லுங்கள்.

ஒவ்வொரு கோன் வாயிலும் ஒரு குட்டி டீ-சர்ட். இதோ, கையில் இருக்கிறது, கிட்டே காட்டுகிறேன். உள்ளங்கை அகலம்தான். ஆனால் கழுத்துக்கு நிஜமான ரிப் துணி வைத்து, கீழ் மடிப்பை பிளாட்லாக் மிஷினில் அடித்திருக்கிறார் எங்கள் டெய்லர் அக்கா. மெயின் லேபிள் மட்டும் பெரிய சைஸ் என்பதால் முதுகில் பாதியை மூடிவிட்டது. குழந்தை அப்பாவின் சட்டையைப் போட்ட மாதிரி இல்லை? எல்லாம் கட்டிங் வேஸ்ட் துணிதான். மதியச் சாப்பாட்டு நேரத்தில் மட்டும் உட்கார்ந்து 4 நாளில் 45 தைத்தார்.

எனக்குக் கிளிட்டர் ஆகாது என்று உங்களுக்குத் தெரியும். அதனால் லைட் மட்டும் போதும் என்று ஒரு கடையில் 50 பல்பு சீரியல் செட் வாங்கினேன், 180 ரூபாய். கடையில் எரிந்தது. மரத்தில் எல்லாவற்றையும் சொருகிய பிறகு பாதி எரியவில்லை! கடைக்காரர் "கழட்டிக் கொண்டு வாங்க" என்கிறார். 45 ஓட்டையில் இருந்து யார் கழட்டுவது?

எலக்ட்ரீஷியன் அண்ணன் வந்தார். பாதிப் பாதியாக ஒன்றுக்குப் பின்னால் ஒன்று கோத்திருக்கிறார்கள், நடுவில் ஒரு பல்பு விட்டுப் போனாலும் அந்த வரிசைக்கே கரன்ட் போகாது, அதனால்தான் அது சீரியல் என்றார். பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். 17-ஆவது பல்பில் துருப்பிடித்த கால், தொட்டதும் கையோடு வந்துவிட்டது. மாற்றுவதற்குக் கிடைத்தது சாமி படத்து மாலையில் இருந்த ஒரு பழைய சிவப்புப் பல்புதான். எல்லாம் வெள்ளையாக எரிய, நடுவில் அது மட்டும் செக்கச்செவேல் என்று எரிகிறது. மான் மூக்கேதான்! பயர் பார்த்திருந்தால் அதையும் ரிஜெக்ட் செய்திருப்பார்.

அந்தக் கோபத்தில் இரவு உட்கார்ந்து, மரத்தில் முதலில் கரன்ட் லைட் போட்ட ஆள் யார் என்று தேடினேன். எடிசனோடு வேலை செய்த எட்வர்ட் ஜான்சன், 1882-இல், நியூயார்க்கில் தன் வீட்டு மரத்துக்கு. சிவப்பு, வெள்ளை, நீலம் என்று 80 பல்பு. 80-ம் எரிந்திருக்கிறது பாருங்கள்.

மற்ற மரங்கள். பயரோடு பேசி ஆர்டர் பார்க்கும் மெர்ச்சண்டைசிங்கில், உடையில் தொங்கவிடும் அட்டை இருக்கிறதே, அந்த ஹேங்-டேக்கில் மரம், பரவாயில்லை. அக்கவுன்ட்ஸில் பழைய பில்லை உருட்டி மரம், அதன்மேல் பஞ்சு ஒட்டிப் பனி. எனக்குப் பிடிக்கவே இல்லை. பஞ்சு பறக்கிற ஊரில் பஞ்சைப் பனி என்று காட்டலாமா? டிஸ்பேட்ச் மரம்தான் எனக்கு உயிர். அட்டைப் பெட்டியை அடுக்கி, 'இந்தப் பக்கம் மேலே' என்று காட்டும் அம்புக்குறி எல்லாம் உச்சியைப் பார்க்கிற மாதிரி வெட்டி, பேக்கிங் டேப்பிலேயே நட்சத்திரம்.

ஐயோ, கோலத்தை விட்டுவிட்டேன். எங்கள் மரத்துக்கு முன்னால் செக்கிங் பாட்டி மார்கழிக் கோலம் போட்டார். கோலமாவு ஏது, துணியில் மார்க் செய்யும் சாக்பீஸ்தான். நடுவில் வீட்டில் இருந்து கொண்டுவந்த ஒரு பூசணிப் பூ. தூத்துக்குடிக்கார பேட்டர்ன் மாஸ்டர் "எங்க வீட்ல சவுக்குக் கொப்புதான் மரம், கோலம் இல்லாம வைக்க மாட்டோம்" என்று சொன்னதும் பாட்டி முகத்தில் அப்படி ஒரு பெருமை.

சரி, ரிசல்ட். முதல் பரிசு டிஸ்பேட்ச், ஆளுக்கு ஒரு ஹாட்பாக்ஸ். சந்தோஷம். இரண்டாவது எச்.ஆர்.! கடையில் வாங்கிய பிளாஸ்டிக் மரம், சிவப்பும் தங்கமுமாகப் பந்து, மரம் முழுக்கக் கிளிட்டர். அடியில் விலை ஸ்டிக்கரைக்கூட உரிக்கவில்லை, 2,400 ரூபாய். எச்.ஆர். வேலைக்கும் அந்தப் பந்துக்கும் என்ன சம்பந்தம்? கேட்டால் "டீம் பில்டிங்" தீமாம். நாங்கள் மூன்றாவது, ஆளுக்கு ஒரு பேனா. அதுவும் போன வருட டைரியோடு கொடுத்து மிச்சமான பேனா.

பரிசு கொடுக்கும் நேரத்தில் எங்கள் மரம் பின்பக்கமாகச் சாய்ந்தது. அப்போது முட்டுக் கொடுத்ததுதான் என் ஸ்டாண்டு. இன்னும் அங்கேயே நிற்கிறது. எடுத்தால் மரம் விழும்.

இன்று காலை எண்ணிப் பார்த்தேன், கோனில் 29 டீ-சர்ட்தான் இருக்கிறது. ஒன்று வாட்ச்மேன் அண்ணனின் சாவிக்கொத்தில் தொங்குகிறது. ஒன்று டிஸ்பேட்ச் பையனின் பைக் கண்ணாடியில். எச்.ஆர். மேஜையில் இரண்டு! டெய்லர் அக்காவிடம் போய்ச் சொன்னால், சிரித்துக்கொண்டே இன்னும் 5 வெட்டி வைத்திருக்கிறார். இந்தக் கையில் இருப்பது நான் திருடியது.