தடுத்தது மானம் ஒன்றே

(யாழ்ப்பாணத்தில் ஒரு சனசமூக நிலையத்தின் வாசகர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, பிள்ளைகளே,

காப்பியத்தையும் அதன் வீரர்களையும் விளங்கிக்கொள்ள உதவும் கலைச்சொற்களைப் பற்றிக் கதைக்கச் சொன்னார்கள். முன்வரிசையில் உயர்தர வகுப்புப் பிள்ளைகள் இருக்கிறீர்கள். பரீட்சைக்கு வரைவிலக்கணம் பாடமாக்க வேண்டும். சரி, முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

தண்டியலங்காரம் என்ற அணியிலக்கண நூல் பெருங்காப்பியத்துக்கு இலக்கணம் சொல்கிறது. வாழ்த்து, வணக்கம், வருபொருள் (நூல் சொல்லப்போகும் பொருள்) என்ற மூன்றில் ஒன்று முன்னால் வர வேண்டும். அறம், பொருள், இன்பம், வீடு என்ற நாற்பொருளையும் தர வேண்டும். மலை, கடல், நாடு, நகர், பருவம் ஆகியவற்றின் வருணனை வேண்டும். எல்லாவற்றுக்கும் நடுவில் ‘தன்னிகர் இல்லாத் தலைவன்’ ஒருவன் நிற்க வேண்டும். நாற்பொருளில் ஏதாவது குறைந்தால் அது காப்பியம் மட்டுமே, பெருங்காப்பியம் ஆகாது. சருக்கம், இலம்பகம், பரிச்சேதம் என்பவை உட்பிரிவின் பெயர்கள். இளங்கோ காதை என்றார், கம்பர் படலம் என்றார். இவ்வளவும் மனப்பாடத்துக்கு.

இந்த இலக்கணத்தைக் கையில் வைத்துக்கொண்டு நூல்களுக்குள் போனால் கேள்விகள் எழும்பும். சிலப்பதிகாரத்தில் தன்னிகர் இல்லாத் தலைவன் யார்? கோவலனா? யாரும் அப்படிச் சொல்லத் துணிய மாட்டார்கள். கண்ணகியைத்தான் சொல்ல வேண்டும். நமது மண்ணில் அரச குடும்பத்தவரான அரசகேசரி காளிதாசனின் நூலைத் தழுவி இரகுவம்சம் பாடினார். அதில் தலைவன் ஒரு ஆள் அல்லன், ஒரு குலம். தண்டி சொன்னதை அளவுகோலாக மட்டும் வைத்தால் இந்த நூல்கள் குறையுள்ளவையாகத் தெரியும். கேள்வியாக வைத்தால் நூல் திறக்கும்.

வீரத்துக்கு வருவோம். தொல்காப்பியர் எட்டு மெய்ப்பாடுகளை, அதாவது உடலில் வெளிப்படும் உணர்ச்சிகளைச் சொல்லும்போது வீரத்தைப் ‘பெருமிதம்’ என்கிறார். அது எதிலிருந்து பிறக்கும்? ‘கல்வி தறுகண் இசைமை கொடை’ என்று நான்கு. இசைமை என்பது புகழ். தறுகண் என்பது அஞ்சாமை, அது இரண்டாவதாகத்தான் வருகிறது. முதலில் நிற்பது கல்வி. இதை வாசித்த நாளிலிருந்து எனக்குக் கம்பரின் ஒரு பாட்டு வேறு மாதிரிக் கேட்கிறது. முதல்நாள் போரில் தோற்று இராவணன் திரும்புகிறான்:

வாரணம் பொருத மார்பும், வரையினை எடுத்த தோளும்,
நாரத முனிவற்கு ஏற்ப நயம்பட உரைத்த நாவும்,
தார்அணி மவுலி பத்தும், சங்கரன் கொடுத்த வாளும்,
வீரமும் களத்தே போட்டு, வெறுங்கையோடு இலங்கை புக்கான்.

யானையோடு மோதிய மார்பும் கயிலையைத் தூக்கிய தோளும் தறுகண். அடுத்தது என்ன? நா. நாரதருக்கு நிகராக இசைக்கத் தெரிந்த கல்வி. போரில் தோற்றவன் வாளைப் போடுவான், முடியைப் போடுவான். நாவை எப்படிப் போடுவது? பெருமிதம் என்ற சொல் தெரிந்தவருக்கு விடை தெரியும். அவனுடைய வீரத்தின் ஒரு பங்கு அந்த நாவில் இருந்தது.

கிரேக்கர்களிடமும் நல்ல சொற்கள் உண்டு. ஹோமரின் இலியட் பத்து வருடப் போரின் கடைசி வருடத்தில் தொடங்குகிறது. நடுவிலிருந்து தொடங்கும் இந்த முறைக்கே தனிப்பெயர் இருக்கிறது. அதன் வீரன் அக்கிலீசுக்கு ‘விரைந்த காலினன்’ என்று திரும்பத் திரும்ப வரும் அடைமொழியையும் காப்பிய உத்தியாகப் படிக்கிறோம். அரிஸ்டாட்டில் சொன்ன ‘ஹமார்டியா’, உயர்ந்த ஒருவனை வீழ்த்தும் பிழை. ‘அனக்னோரிசிஸ்’, அறியாதிருந்தவன் உண்மையை அறியும் கணம். அவர் இவற்றை நாடகத்தை முன்வைத்துச் சொன்னார், ஆனாலும் காப்பிய வீரனுக்கும் பொருந்தும். ‘ஹூப்ரிஸ்’ என்பதற்கு நாங்கள் செருக்கு என்று எழுதுகிறோம்.

இப்போது கந்தபுராணத்துக்கு வாருங்கள். இந்த ஊரில் அதைப் புத்தகமாகப் படித்தவர்களை விடக் காதால் கேட்டவர்கள்தான் அதிகம். கோயிலில் ஒருவர் பாட்டை வாசிக்க மற்றவர் பயன், அதாவது பொருள் சொல்வார். நானும் அம்மப்பாவின் மடியிலிருந்துதான் கேட்டேன். யுத்த காண்டத்தில் முருகன் பேருருவம் காட்டுகிறான். ‘பாலன் என்றிருந்தேன் அந்நாள், பரிசிவை உணர்ந்திலேன் யான்’ என்கிறான் சூரபன்மன். அரிஸ்டாட்டிலுக்குக் காட்டியிருந்தால் அனக்னோரிசிஸ் இதுதான் என்றிருப்பார். அப்புறம் சூரன் சொல்வதைக் கேளுங்கள்:

சூழுதல் வேண்டும் தாள்கள், தொழுதிடல் வேண்டும் அங்கை,
தாழுதல் வேண்டும் சென்னி, துதித்திடல் வேண்டும் தாலு,
ஆழுதல் வேண்டும் தீமை அகன்றுநான் இவற்குஆ ளாகி
வாழுதல் வேண்டும் நெஞ்சம், தடுத்தது மானம் ஒன்றே.

கால் வலம்வர வேண்டும் என்கிறது, கை தொழ வேண்டும் என்கிறது, தலை, நாக்கு, நெஞ்சு எல்லாம் ஒரே பக்கம். எதிரே நிற்பது ஒன்று மட்டும். கந்தபுராணம் பாடிய கச்சியப்பர் அந்த இடத்தில் செருக்கு என்று எழுதவில்லை. மானம் என்று எழுதினார். செருக்கு குற்றம் என்று எவருக்கும் தெரியும். மானம் குற்றமா? ‘மயிர்நீப்பின் வாழாக் கவரிமா’ என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து வளர்க்கிற சமூகம் நாங்கள். மானத்துக்கென்றே வள்ளுவர் ஓர் அதிகாரம் வைத்தார். அந்தப் பெரிய குணமே இங்கே ஒருவனைத் தடுத்து நிற்கிறது. ஹூப்ரிஸ் என்று எழுதி இந்தப் பாட்டை மூடிவிட்டால் அதன் வலி போய்விடும்.

இதற்குப் பொருந்தும் சொல் தமிழில் இருக்கிறதா என்று நான் கன நாள் தேடினேன். திருக்குறளின் குற்றங்கடிதல் அதிகாரத்தில் இருந்தது:

இவறலும் மாண்பிறந்த மானமும் மாணா
உவகையும் ஏதம் இறைக்கு.

மாண்பிறந்த மானம். மாண்பை விட்டு விலகிய மானம், ஆள்பவனுக்குக் குற்றம். சூரனுக்கு இதைவிடச் சரியான கலைச்சொல் எனக்குத் தெரியவில்லை. பிள்ளைகள் ஹமார்டியாவை எழுதுங்கள், புள்ளி கிடைக்கும். பக்கத்தில் இதையும் எழுதுங்கள்.

பேருருவம் மறைந்ததும் சூரனின் தெளிவும் மறைந்துவிடுகிறது, திரும்பவும் போர். கிரேக்க நாடகத்தில் அறிந்த பிறகு அறியாமைக்குத் திரும்ப வழியில்லை. அந்த நாடக மன்னன் ஈடிபசு உண்மையை அறிந்ததும் தன் கண்களைக் குத்திக்கொள்கிறான், அவ்வளவுதான். இங்கே சூரன் கடலில் மாமரமாக நிற்கிறான், வேல் அதைப் பிளக்கிறது, ஒரு கூறு மயிலாகவும் மறு கூறு சேவலாகவும் வருகின்றன. சூரன் போரன்று நமது கோயில் வீதிகளில் இதை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறோம். சூரன் உருவத்தின் தலைகள் மாறும், மாமரம் வரும், சேவலும் மயிலும் வரும். சனம் கைகூப்பும்.

மயில் வாகனம். சேவல் கொடி. ‘இவற்கு ஆளாகி வாழுதல் வேண்டும்’ என்று அவன் நெஞ்சு கேட்டதும் மானம் தடுத்ததும் அதுதான்.