காதை மூடாத ஹெட்செட்

நேயர்களுக்கு வணக்கம். கோலாலம்பூர் செந்தூலில் முப்பது வருடமாகக் கல்யாண மண்டபத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் ஒலிபெருக்கி கட்டுகிற ஆள் நான். கணினி விளையாட்டு ஒன்றும் எனக்கு ஆடத் தெரியாது. அப்படிப்பட்டவனை கேமிங் ஹெட்செட் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள் என்றால், அதற்கு என் அக்காதான் காரணம்.

போன மாதம் ஒரு ராத்திரி அக்கா போன் செய்தார். "தம்பி, என் பையன் புதுசா வாங்குன ஹெட்செட்டுல ஓட்டை இருக்கு. சத்தமெல்லாம் வெளியே வருது. கடைக்காரன் ஏமாத்திட்டான் போல. நீ வந்து பாரு" என்றார். போய்ப் பார்த்தேன். ஓட்டைதான். ஆனால் வேண்டுமென்றே வைத்த ஓட்டை. காதுக் கிண்ணத்தின் வெளிப்பக்கம் பிளாஸ்டிக் மூடிக்குப் பதிலாகச் சல்லடை மாதிரி வலை. இதைத்தான் ஓப்பன் பேக் என்கிறார்கள்.

இது புதுச் சரக்கு இல்லை. 1968-இல் ஜெர்மனியின் சென்ஹைசர் நிறுவனம் மஞ்சள் பஞ்சு வைத்த எச்.டி. 414 என்ற ஹெட்போனை விற்பனைக்கு விட்டது. கடைக்கு வந்த முதல் ஓப்பன் பேக் அதுதான். பாட்டுக் கேட்கிறவர்கள் அப்போதிலிருந்தே பயன்படுத்துகிறார்கள். கேம் ஆடும் பிள்ளைகளிடம் வந்து சேரத்தான் இத்தனை காலம்.

சில மாடல்களில் வலை வெறும் அலங்காரம், பின்னால் அடைத்திருக்கும். கண்டுபிடிப்பது சுலபம். பாட்டு ஓடும்போது இரண்டு உள்ளங்கையாலும் வலையை மூடுங்கள். சத்தம் சட்டென்று டின்னுக்குள் போன மாதிரி மாறினால் அது நிஜ ஓப்பன் பேக். மாறவில்லையென்றால் வலைக்குத்தான் காசு கொடுத்திருக்கிறீர்கள்.

அடுத்தது எடை. அக்கா முறுக்கு மாவு நிறுக்கும் தராசில் ஹெட்செட்டை வைத்தோம். வயரைக் கழற்றிவிட்டு 238 கிராம். இந்த வகையில் ஆடியோ டெக்னிக்காவின் ஜி.டி.எல்.3 இன்னும் குறைவு, 220 கிராம். வயர் இல்லாத, காதை மூடுகிற ஆடிஸி மேக்ஸ்வெல் 490 கிராம். அதன் ஒலி நன்றாக இருக்கும், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அரைக்கிலோவைத் தலையில் வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் உட்கார வேண்டும். அதுவும் நம் கோலாலம்பூர் புழுக்கத்தில்! காதைச் சுற்றி வேர்த்து, போலித்தோல் மெத்தை பிசுபிசுத்து, கொஞ்ச நாளில் கறுப்புச் செதிலாக உரிந்து கழுத்தில் ஒட்டும். வலை வைத்ததில் காற்று போய் வருகிறது. மெத்தையும் துணியாக இருந்தால் நம் ஊருக்கு அதைவிட வேறு என்ன வேண்டும்? அக்கா பையன், அதாவது என் மருமகன், கண்ணாடி போடுகிறவன். மூடிய ஹெட்செட்டில் கண்ணாடிக் காம்பு மெத்தையைத் தூக்கிவிடும், அந்த இடுக்கு வழியாக பேஸ் என்கிற அடித்தொனி ஓடிவிடும். இதில் அந்தத் தொல்லை அவ்வளவாக இல்லை.

பேஸ் என்றதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஸ்பீக்கரைப் பெட்டியிலிருந்து கழற்றி வெறுமனே ஓட்டிப் பாருங்கள், அடித்தொனி காணாமல் போய்விடும். கூம்பின் முன்னால் பிறக்கிற அலையும் பின்னால் பிறக்கிற அலையும் சுற்றி வந்து ஒன்றையொன்று தின்றுவிடும். ஓப்பன் பேக்கிலும் அதே கதைதான், கொஞ்சம் சிறிய அளவில். குண்டு வெடித்தால் நெஞ்சு அதிராது. "சப்புன்னு இருக்கு மாமா" என்று மருமகனே முதல் நாள் முகத்தைச் சுளித்தான்.

ஆனால் தைப்பூசத்துக்குப் பத்துமலை போனவர்கள் யோசித்துப் பாருங்கள். உறுமி மேளம் பக்கத்தில் வந்துவிட்டால், முன்னால் ஆடுகிறவர் காலில் கட்டிய சலங்கை கேட்காது. மேளம் நகர்ந்த பிறகுதான் சலங்கை கேட்கும். பெருத்த அடித்தொனி மேல்தொனியை அமுக்கிவிடும், காதின் இயல்பு அது. துப்பாக்கி விளையாட்டில் சலங்கை என்பது எதிரியின் காலடி.

அதையும் சோதித்தோம். அவன் கண்ணில் துண்டைக் கட்டினோம். கூட்டாளி ஒருவன் தன் வீட்டிலிருந்து விளையாட்டுக்குள் அவனைச் சுற்றி நடந்தான். சத்தம் வரும் திசையை இவன் கைநீட்டிக் காட்ட வேண்டும். இடது, வலது ஒரு தடவைகூடத் தப்பவில்லை. முன்னா பின்னா என்பதில்தான் தடுமாறினான். காரணம் இருக்கிறது. பக்கவாட்டில் வரும் ஒலி ஒரு காதுக்கு முந்தியும் மறு காதுக்குப் பிந்தியும் போகும். வினாடியை ஆயிரமாகப் பிரித்தால் அதில் ஒரு பங்குகூட இல்லாத இடைவெளி அது, மூளைக்கு அது போதும். நேர் முன்னாலும் நேர் பின்னாலும் வரும் ஒலிக்கு அந்த இடைவெளியே கிடையாது. காது மடலின் மேடுபள்ளம் ஒலியை மாற்றுகிற விதத்தை வைத்துத்தான் மூளை கண்டுபிடிக்கிறது. ஹெட்செட்டில் அந்த மாற்றத்தை விளையாட்டே கணக்குப் போட்டுத் தரவேண்டும். வேலரன்ட் போன்ற விளையாட்டுகளில் அமைப்புப் பக்கத்தில் அதற்கு எச்.ஆர்.டி.எஃப். என்றொரு பொத்தான் இருக்கிறது. இவன் அதையும் போட்டு, கணினியில் சுற்றிலும் பல ஸ்பீக்கர் இருப்பதுபோல் காட்டுகிற 7.1 என்கிற சரவுண்டையும் போட்டு வைத்திருந்தான். சாம்பாரில் ரசத்தை ஊற்றின மாதிரி. 7.1-ஐ அணைத்ததும் முன்பின் ஓரளவு தெளிந்தது. பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும் சரி, பெரும்பாலான ஹெட்செட்டில் காதுக்கு ஒரு ஸ்பீக்கர்தான்.

வாங்கும்போது கணினிக் கடைகள் நிறைந்த லோ யாட் பிளாசாவில் போட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுக்காதீர்கள். அந்த இரைச்சலில் மூடிய ஹெட்செட் எல்லாமே அமிர்தமாகக் கேட்கும், ஓப்பன் பேக் எல்லாமே பரிதாபமாகக் கேட்கும். போடப்போகிற அறைதான் முக்கியம். அக்கா வீடு மேல்மாடி, தகரக் கூரை. நாலு மணிக்கு மழை பிடித்தது. காலடியாவது சலங்கையாவது! பையன் கை தானாக வால்யூமுக்குப் போனது. அங்கேதான் நான் பிடித்தேன். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கில் பெரியவர்கள் 80 டெசிபல் சத்தத்தை வாரத்துக்கு 40 மணி நேரம் வரைதான் கேட்கலாம். 3 டெசிபல் கூட்டினால் நேரம் பாதியாகும். 83-க்கு 20 மணி, 86-க்கு 10 மணி. திருவிழா ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நின்றே என் வலது காது மந்தமாகிவிட்டது, அதனால் இந்த விஷயத்தில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. மழை பெய்தால் ஆட்டத்தை நிறுத்து என்று சொல்லிவிட்டேன்.

மைக்கிலும் ஒரு சங்கடம் இருந்தது. வெளியே கசிகிற சத்தம் மைக்கில் ஏறி, கூட்டாளி பேசுவது கூட்டாளிக்கே எதிரொலியாகப் போனது. மைக்கை வாயோரத்துக்கு இறக்கி, அதன் வால்யூமைக் குறைத்ததும் நின்றது. காற்றாடியின் விர்ர் சத்தம் மட்டும் போகவில்லை.

தனி அறை இருந்தால் ஓப்பன் பேக் வாங்குங்கள். ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் கணினி இருக்கிற வீட்டுக்கு இது சரிப்படாது. அக்கா வீட்டில் அறை இருக்கிறது, ஆனால் அவன் தங்கையும் அதே அறையில்தான் படுக்கிறாள். ஹெட்செட்டைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்றே பேசிக்கொண்டிருந்தோம். அப்போது அடுப்படியிலிருந்து அக்கா, "சாப்பிட வாடா" என்றார். ஹெட்செட் தலையில் இருக்க, "இதோ வரேம்மா" என்றான். பழையதைப் போட்டிருந்தால் நாலு தடவை கத்திவிட்டு, அறைக்கு வந்து தோளைத் தட்ட வேண்டும். அக்கா கரண்டியோடு வாசலில் வந்து நின்று என்னைப் பார்த்தார்.

ஹெட்செட் இப்போது வீட்டில்தான் இருக்கிறது. ராத்திரி பத்து மணிக்கு மேல் மட்டும் பழைய, மூடிய ஹெட்செட். அது அக்கா போட்ட சட்டம். வணக்கம்.