ஜோக்கருக்கும் ஒரு வீடு இருந்தது

(கேரளாவின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கிற கொழிஞ்சாம்பாறையில் நடந்த பட்டிமன்றம். தலைப்பு: வில்லனுக்கு முன்கதை தேவையா, தேவையில்லையா? ‘தேவையே’ அணியின் உரை.)

நடுவர் ஐயாவுக்கும் மேடையில் இருப்பவர்களுக்கும் வணக்கம். கீழே உட்கார்ந்திருக்கிற உங்களுக்குத் தனியாக ஒரு வணக்கம். கைதட்டப் போகிறவர்கள் நீங்கள்தானே!

‘தி கில்லிங் ஜோக்’. 1988-இல் ஆலன் மூர் எழுதி, பிரையன் போலண்ட் வரைந்த பேட்மேன் காமிக்ஸ். படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பேட்மேனின் பரம எதிரி ஜோக்கர், ஒரு காலத்தில் மேடையேறி ஜோக் சொல்லியும் யாரும் சிரிக்காத ஆள். கையில் காசில்லை, மனைவி கர்ப்பம். பணத்துக்காக ஒரு திருட்டுக் கும்பலுக்கு வழிகாட்ட ஒப்புக்கொள்கிறான். திருடப் போகிற அன்றைக்கே போலீஸ் வந்து சொல்கிறது: குழந்தைக்குப் பால் பாட்டில் சூடாக்கும் மிஷினைப் போட்டுப் பார்த்தபோது ஷாக் அடித்து உன் மனைவி போய்விட்டாள். “நான் வரவில்லை, விட்டுவிடுங்கள்” என்கிறான். கும்பல் விடவில்லை. அன்று இரவு பேட்மேன் துரத்த, ரசாயனக் கழிவில் குதித்துக் கரையேறுகிறான். முகம் வெள்ளை, முடி பச்சை, புத்தி பேதலித்துவிட்டது.

எதிரணி அக்கா இதற்கு என்ன சொன்னார்? “மிஷின் கோளாறு என்றால் கடைக்காரனிடம் வாரண்டி கேட்க வேண்டியதுதானே, அதற்காக ஊரையே கொல்லுவானா?” நீங்களும் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். நடுவர் ஐயாகூடத் துண்டால் வாயை மூடிக்கொண்டார். நான் பார்த்தேன்.

அக்கா, நீங்கள் வாரண்டி கேட்டுப் பார்த்திருக்கிறீர்களா? அதுவும் எல்லையில் குடியிருந்துகொண்டு?

என் சித்தப்பா கேட்டார். கோயம்புத்தூரில் கிரைண்டர் வாங்கினார். சித்தி ஆசையாக அரிசி ஊறப்போட்டு, சுவிட்சைப் போட்டதும் ‘டொக்’. நின்றுபோயிற்று. சித்தப்பா அதைத் தூக்கிக்கொண்டு வேலந்தாவளம் செக்போஸ்ட் தாண்டிப் போனார். கடைக்காரர் வாரண்டி அட்டையைப் பார்த்தார். “விலாசம் கேரளான்னு போட்டிருக்குதுங்களே! பாலக்காட்டுலதான் பார்ப்பாங்க.” பாலக்காடு போனார். “பில்லு தமிழ்நாட்டிலேயாணல்லோ சேட்டா, அவிடத்தன்னே கொடுக்கணும்.” மறுபடி பஸ். கிரைண்டருக்கு லக்கேஜ் டிக்கெட். பின்வரிசையில் கேட்கவில்லை என்கிறார்கள், திரும்பச் சொல்கிறேன்: கிரைண்டருக்கு, டிக்கெட்! சித்தப்பா நின்றுகொண்டு வருகிறார், கிரைண்டர் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து வருகிறது!

இப்படியே அலைந்து, ஒரு நாள் செக்போஸ்ட் பக்கத்தில் கிரைண்டரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். சிரிக்க ஆரம்பித்தார். நிறுத்தவில்லை. போலீஸ்காரர் முதலில் தள்ளி நின்று பார்த்தார், அப்புறம் கிட்டே வந்து “எந்தா சேட்டா?” என்றார். சித்தப்பா கிரைண்டரைக் காட்டி, “சார், இது எந்த ஊருங்க?” என்றார். போலீஸ்காரரும் சிரித்துவிட்டார். புத்தகத்தின் முடிவில் மழையில் நின்றுகொண்டு பேட்மேனும் ஜோக்கரும் சேர்ந்து சிரிக்கிறார்களே, அந்தக் காட்சியை நான் முதலில் பார்த்தது வேலந்தாவளத்தில்தான்!

எதிரணிப் பேராசிரியர் குறுக்கே கேட்கிறார், “போன வருஷம் மிக்ஸி என்றாயே?” என்று. ஆமாம் ஐயா. சித்தப்பாவே ஒரு தடவை மிக்ஸி என்பார், ஒரு தடவை கிரைண்டர் என்பார். ஜோக்கரும் அதைத்தானே சொல்கிறான், என் பழசு சில நேரம் ஒரு மாதிரி ஞாபகம் வருகிறது, சில நேரம் வேறு மாதிரி என்று. சாமான் மாறும், பட்டது மாறுமா?

முன்கதை இல்லாத ஜோக்கர்தான் பயங்கரம் என்கிற வாசகர்கள் இருக்கிறார்கள். இருக்கட்டும். அந்தக் கதையில் ஜோக்கர் பார்பரா என்கிற பெண்ணைச் சுட்டு முடமாக்கியது எதற்கு என்று கோபப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். அந்தக் கோபம் எனக்கும் உண்டு, அதற்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். எழுதிய மூருக்கே பிற்பாடு அந்தப் புத்தகம் பிடிக்காமல் போயிற்று. “பார்பராவின் அப்பா, போலீஸ் கமிஷனர் கார்டனைக் கூண்டில் அடைத்துச் சித்திரவதை செய்தும் அவர் கெட்டுப்போகவில்லையே?” என்று பேராசிரியர் கேட்டார். நல்ல கேள்வி. அதற்கு அப்புறம் வருகிறேன்.

நம் பாலக்காட்டுக்கு வில்லன் முன்கதை என்ன புதுசா? கல்லேக்குளங்கரை ராகவப் பிஷாரடி எழுதிய ‘ராவணோத்பவம்’ கதகளி பார்த்திருப்பீர்கள். ராவணன் எப்படி ராவணன் ஆனான் என்பதுதான் கதை. மூக்கு நுனியில் வெள்ளை உருண்டை ஒட்டிய அதே நடிகர், ராவணன் மாதிரி வில்லன்களுக்குப் போடுகிற அந்தக் ‘கத்தி’ வேஷத்தோடு தாய் கைகசியாகவும் ஆடுவார், பிள்ளையாகவும் ஆடுவார். மடியில் பிள்ளை தூங்குகிறது. மேலே புஷ்பக விமானத்தில் சக்களத்தி மகன் குபேரன் போகிறான். என் பிள்ளைக்கு இது இல்லையே என்று அவள் அழ, கண்ணீர் பிள்ளை மேல் விழுகிறது. அவன் விழித்து, அம்மா முகத்தைப் பார்க்கிறான். செண்டை அங்கே அடங்கி அடிக்கும் பாருங்கள்! அப்புறம் ஒவ்வொரு தலையாக அறுத்துத் தீயில் போடும் தவம். அதைப் பார்த்துக் கண்ணைத் துடைத்த எந்தப் பாட்டியும் ராவணன் கட்சிக்கு மாறவில்லை.

ஜோக்கரின் மனைவி பெயர் ஜீனி. வேலை கிடைக்காமல் வந்து அவன் புலம்பும்போது அவள் சொல்கிறாள், வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் உன்னைப் பிடிக்கும், என்னைச் சிரிக்கவைக்க உனக்குத் தெரியும் என்று. அவன் ஜோக்குக்குச் சிரிக்க இருந்தது அவள் ஒருத்திதான். அவளும் போய்விட்டாள், ஐயா.

என் சித்தப்பா சிரித்த அன்றைக்குச் சித்தி ஆட்டோ பிடித்து ஓடி வந்தார். எதுவும் கேட்கவில்லை. கிரைண்டரை அவர் மடியிலிருந்து இறக்கிவைத்து, முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்து, “எந்திரிங்க, ஆட்டுக்கல்லுலயே ஆட்டிக்கலாம்” என்றார். சித்தப்பா வீட்டுக்கு வந்துவிட்டார். ஜோக்கரைக் கூப்பிட யார் வந்தார்கள்? சொல்லுங்கள் அக்கா, யார் வந்தார்கள்?

மணி அடித்துவிட்டார்கள். கார்டனுக்கு நேரமில்லை ஐயா. வணக்கம்.