அந்த சைக்கிள் யாரோடது?

மேடையில இருக்கிற தலைவர் அவர்களே, எனக்கு முன்னாடி ரொம்ப அழகா பேசி என் நேரத்தையும் சேர்த்து எடுத்துக்கிட்ட துணைத்தலைவர் அவர்களே (கோவம் இல்ல சார், உரிமையிலதான் சொல்றேன்), முன் வரிசையில இருக்கிற நூலகர் அம்மா, மைக் பாத்துக்கிற தம்பி, வாசல் பக்கமா உக்காந்து எப்படா எந்திரிக்கலாம்னு பாக்குற பெரியவங்க, எல்லாருக்கும் வணக்கம்.

லீவுக்கு ஒண்ணா கூடும்போது, பேச்சுவார்த்தை விட்டுப்போன அண்ணன் தம்பி அக்கா தங்கச்சிங்க நடுவுல பழைய கதை ஏன் வெடிக்குது? மூணு விஷயம் சொல்றேன். ஞாபகம், சொத்து, மன்னிப்பு. "தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேற"ன்னு நான் எல்லா மேடையிலயும் சொல்றதுதான், அந்த லிஸ்ட்ல ஞாபகத்தையும் சேத்துக்குங்க.

எனக்குத் தெரிஞ்ச வீட்ல ஒரு அக்கா, ரெண்டு தம்பிங்க. தம்பிங்க ரெண்டு பேரும் பல வருஷமா முகம் குடுத்துப் பேசறதில்ல. லீவுக்கு அக்கா பிடிவாதமா கூட்டிட்டு வந்து உக்கார வச்சா, சின்னவர் ஆரம்பிச்சாரு, "அப்பா எனக்கு வாங்குன சைக்கிள இவன் புடுங்கிக்கிட்டான்"னு. பெரியவர் விடுவாரா, "அது என் சைக்கிள்டா, உன் ஃபீஸ் கட்டத்தான் அத வித்தாங்க"ங்கிறாரு. சிவப்பு கலர்ங்கிறாரு ஒருத்தர், பச்சைங்கிறாரு இன்னொருத்தர், பெல் எந்தப் பக்கம் இருந்துச்சுன்னு அதுக்கு ஒரு அரை மணி நேரம், மருமகளுங்க எல்லாம் மெதுவா அடுத்த ரூமுக்குப் போயிட்டாங்க. அக்கா ஒண்ணும் பேசல. பீரோவைத் திறந்து ஒரு பழைய போட்டோவை எடுத்துட்டு வந்தாங்க, ரெண்டு பேரும் அந்த சைக்கிள்ல உக்காந்திருக்காங்க. திருப்பிப் பாத்தா அப்பா கையெழுத்துல, "பக்கத்து வீட்டு சைக்கிள்ல பசங்க."

சமாதானம் ஆயிட்டாங்களான்னு கேப்பீங்க. எங்க! இப்போ அந்த போட்டோ யார்கிட்ட இருக்கணும்னு சண்டை.

இதுல யாரும் பொய் சொல்லல, அதான் விஷயமே. 2001ல வந்த ஒரு ஆய்வுல, இரட்டையர்கள்ல ஒருத்தருக்கு நடந்த சம்பவத்த ரெண்டு பேருமே "எனக்குத்தான் நடந்துச்சு"ன்னு சத்தியம் பண்றாங்க. 1995ல எலிசபெத் லாஃப்டஸ்னு ஞாபகத்தப் பத்தி ஆராயுற ஒரு அமெரிக்க உளவியல் அறிஞர் 24 பேர்கிட்ட, சின்ன வயசுல நீ கடைவளாகத்துல தொலைஞ்சு போனன்னு நடக்காத ஒண்ண வீட்டு ஆளுங்க சொன்ன மாதிரி சொல்லிப் பாத்தாங்க, கால்வாசிப் பேர் ஆமாம் கொஞ்சம் ஞாபகம் இருக்குன்னுட்டாங்க. வாயும் வயிறும் வேறங்கிறது சும்மாவா?

அதனாலதான் நான் ஊரெல்லாம் கத்திட்டிருக்கேன், போட்டோ பின்னாடி எழுதுங்க! யாரு, எங்க, எந்த வருஷம், சைக்கிள் யாரோடது. பேனால அழுத்தாதீங்க, முன்பக்கம் தடம் விழும், பழைய பேப்பர் போட்டோன்னா மெத்துன்னு எழுதுற பென்சில் போதும், ஓரமா எழுதுங்க. செல்போன்ல எடுத்ததுக்கு தேதி தானா பதிவாகும்தான், ஆனா வாட்ஸ்அப்புல சாதாரணமா அனுப்புனா அது போயிடும், ஒரிஜினல பத்திரமா வைங்க. எழுத வேண்டியது அப்பா அம்மா இருக்கும்போதே, அதுவும் பிள்ளைங்க எல்லாரையும் பக்கத்துல வச்சுக்கிட்டு.

தலைவர் கைக்கடிகாரத்தப் பாக்குறாரு. சொத்தும் மன்னிப்பும் அடுத்த கூட்டத்துக்கு. வாசல்ல ஒரு டப்பா நிறைய பென்சில் வச்சிருக்கோம், ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்குங்க, துணைத்தலைவர் சார் ரெண்டு எடுத்துக்கலாம்.