மஞ்சளா இருந்தா போதுமா?

நேயர்களுக்கு வணக்கம். போன சம்பாவுல திருவையாறு பக்கத்துலேர்ந்து ஒரு பெரியவர் லேபுக்கு வந்தாரு, கையில நாலு நெல் இலை, நுனியிலேர்ந்து ஓரமாவே வைக்கோல் கலர்ல காஞ்சிருக்கு. "பாப்பா, இது சத்துக்குறையா சீக்கா, யூரியா போடட்டுமா?"ன்னாரு. ஐயா கொஞ்சம் பொறுங்கன்னு சொல்லிட்டு இலைய வெட்டி கண்ணாடி டம்ளர் தண்ணியில விட்டேன், கொஞ்ச நேரத்துல வெட்டுவாய்லேர்ந்து பால் மாதிரி கசிஞ்சுது. அப்ப பாக்டீரியாதான். ஆனா எந்த பாக்டீரியா?

கசிஞ்சத லேப் தட்டுல தீனி வச்சு வளர்த்தா பாக்டீரியா மஞ்சளா வரும். இலைக்கருகல் பண்ற சாந்தோமோனாஸ் மஞ்சள்தான், ஆனா பான்டோயான்னு ஒண்ணு இருக்கு, அதுவும் மஞ்சள், அதுவும் நெல்லுல வரும். கலர நம்பி ஏமாந்தவ நான், அதனால சொல்றேன்.

அங்கதான் கொழுப்பு கை கொடுக்குது. பாக்டீரியாவோட தோல்ல கொழுப்பு அமிலம் இருக்கு, அத காஸ்டிக் சோடா, மெத்தனால் சேத்து கொதிக்க வச்சா, நம்ம சோப்பு காய்ச்சுற கதைதான், கொழுப்பு பிரிஞ்சு வரும், அப்புறம் அமிலமும் மெத்தனாலும் விட்டு சுடவச்சா சூட்டுல ஆவியாகுற பொருளா மாறிடும். அத நீளமான மெல்லிசு குழாய்க்குள்ள அனுப்புனா சின்னது முதல்ல வெளிய வரும், பெருசு லேட்டா வரும், எது எப்ப எவ்வளவு வந்துச்சுன்னு மெஷின் கோடு போட்டுக் காட்டும். சாந்தோமோனாஸ்ல கிளை விட்ட கொழுப்பு நிறைய, பான்டோயால பெரும்பாலும் கிளையில்லாத சங்கிலி. கோட்டப் பார்த்தாலே தெரிஞ்சிடும்.

ஒரு சிக்கல் இருக்கு. மார்கழியில தேங்காண்ணெய் உறையுதுல்ல? தன் தோலு அப்படி உறையக் கூடாதுன்னு பாக்டீரியா குளிர் வந்தா கொழுப்பையே மாத்திக்கும், கெட்டிக்கார ஜென்மம்! அதனால ஒரே தீனி, வழக்கமா 28 டிகிரி, 24 மணி நேரம்னு வளர்த்தாத்தான் ஏற்கனவே பதிஞ்சு வச்ச கோட்டோட ஒப்பிட முடியும். இப்ப லேசர் அடிச்சு புரதத்த எடை போடுற மெஷின் வந்தாச்சு, சில நிமிஷத்துல பேர் சொல்லிடும், விலைதான் யானை விலை. ஆனா இலைக்கருகலும், இலைக்கீற்றுன்னு நெல்லுல வர்ற இன்னொரு நோயும் பண்றது ஒரே சாந்தோமோனாஸ் இனத்தோட ரெண்டு வகை, அதப் பிரிக்க டிஎன்ஏ பாக்குறதுதான் நல்லது.

பெரியவர் கொண்டு வந்தது சாந்தோமோனாஸ்தான், யூரியாவ நிறுத்துங்க, அந்த வயல் தண்ணிய அடுத்த வயலுக்கு விடாதீங்கன்னு சொல்லி அனுப்புனேன்.

இலை கொண்டு வர்றவங்க பிளாஸ்டிக் பையில கட்டாதீங்க, பேப்பர்ல சுத்துங்க. பைக்குள்ள வேர்த்துச்சுன்னா கண்டதும் வளர்ந்துடும், அப்புறம் நான் அதோட கொழுப்பத்தான் காய்ச்சிட்டு இருப்பேன்.