பாட்டியின் பாட்டிக்கு என்ன பெயர்?

நேயர்களுக்கு வணக்கம். இன்றைக்கு நான் பேசப்போவது அமெரிக்காவில் உள்ள ஒரு பெண்கள் சங்கத்தைப் பற்றி. பெயர் 'அமெரிக்கப் புரட்சியின் மகள்கள்', சுருக்கமாக டி.ஏ.ஆர். பிரிட்டிஷாரை எதிர்த்து நடந்த விடுதலைப் போருக்கு உதவிய ஒருவரின் நேரடி ரத்த வாரிசு என்று நிரூபிக்க முடிந்தால், 18 வயது நிறைந்த எந்தப் பெண்ணும் சேரலாம். அந்த முன்னோர் துப்பாக்கி பிடித்தவராகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை, படைக்குத் தானியம் கொடுத்தவர் என்று காட்டினாலும் போதும்.

இது ஆரம்பித்ததே ஒரு கோபத்தில்தான். ஆண் வாரிசுகள் வைத்திருந்த சங்கம் 1890-ல் பெண்களைச் சேர்க்க மாட்டோம் என்று சொல்லிவிட்டது. மேரி லாக்வுட் என்ற எழுத்தாளர் உடனே வாஷிங்டன் போஸ்ட் பத்திரிகைக்கு எழுதினார், புரட்சியில் தாய்மார்களே இல்லையா என்று. அதே ஆண்டு அக்டோபரில் சங்கம் பிறந்துவிட்டது. முதல் தலைவி யார் தெரியுமா? அப்போதைய ஜனாதிபதியின் மனைவி கரோலின் ஹாரிசன்.

தலைமையகம் வாஷிங்டனில். அதற்குக் கீழே மாநிலத்துக்கு ஒரு சங்கம், அதை நடத்துபவர் 'ஸ்டேட் ரீஜன்ட்'. அதற்கும் கீழே ஊர்க் கிளைகள், ஏறத்தாழ 3,000. மாநில மாநாடு, கமிட்டி, தேர்தல் எல்லாம் எந்தச் சங்கத்திலும் இருப்பதுதான், அதை விட்டுவிடுவோம். எனக்குச் சுவையாகப் படுவது கிளைகள் செய்யும் காகித வேலை.

விண்ணப்பிப்பவர் ஒவ்வொரு தலைமுறைக்கும் பிறப்பு, திருமணம், இறப்பு என்று ஆதாரம் காட்ட வேண்டும். ஆண் வழி என்றால் ஒரே குடும்பப் பெயரைப் பிடித்துக்கொண்டு மேலே போய்விடலாம். பெண் வழியில் கல்யாணத்துக்குக் கல்யாணம் பெயர் மாறும், நம்மூரில் இனிஷியல் மாறுகிற மாதிரி. போதாததற்கு, 1790 முதல் 1840 வரை எடுத்த மக்கள்தொகைக் கணக்கில் குடும்பத் தலைவர் பெயர் மட்டும்தான் உண்டு, மற்றவர்கள் வெறும் எண்ணிக்கை. வீட்டிலுள்ள எல்லோருடைய பெயரையும் எழுதியது 1850-ல்தான். அதனால் உள்ளூர்ப் பெண்கள் கல்லறைக் கல்வெட்டுகளையும், குடும்ப பைபிளின் ஏடுகளில் மையால் எழுதி வைத்த பிறந்த தேதிகளையும் படியெடுத்துத் தொகுதி தொகுதியாக வாஷிங்டன் நூலகத்துக்கு அனுப்பினார்கள். இவர்கள் எழுதி வைக்காவிட்டால் எத்தனையோ பெண்களின் பெயர் இன்று யாருக்கும் தெரிந்திருக்காது.

சரி, இதற்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. 1850-ல் எல்லோர் பெயரும் என்றேனே, அடிமைகளுக்கு அது கிடையாது. அவர்களுக்குத் தனிப் பட்டியல், அதில் பெரும்பாலும் வயதும் பாலினமும்தான். ஆக, காகிதம் கேட்கும் விதியே கறுப்பினப் பெண்களுக்குப் பெரிய சுவர். அந்தச் சுவரைத் தாண்டி வந்தாலும் மனிதர்கள் தடுத்தார்கள். 1939-ல் பாடகி மரியன் ஆண்டர்சனுக்குச் சங்கம் தன் அரங்கைக் கொடுக்கவில்லை. மேடையில் வெள்ளைக் கலைஞர்கள் மட்டும் என்பது வாடகை ஒப்பந்தத்திலேயே இருந்தது. அப்போதைய ஜனாதிபதியின் மனைவி எலினார் ரூஸ்வெல்ட் சங்கத்தின் உறுப்பினர் பதவியை விட்டு விலகினார், ஆண்டர்சன் லிங்கன் நினைவிடத்தில் 75,000 பேர் முன்னால் பாடினார்.

இது எல்லோருக்கும் தெரிந்த கதை. லீனா ஃபெர்குசன் கதை அவ்வளவு தெரியாது, என்னைக் கேட்டால் அதுதான் முக்கியமானது. வாஷிங்டனைச் சேர்ந்த இந்தக் கறுப்பினப் பெண்மணியின் முன்னோரில் ஒருவர் மெய்ன் பகுதியைச் சேர்ந்த வெள்ளையர், போருக்கு உதவியவர். ஆதாரம் பக்காவாக இருந்தது. ஆனால் கிளையில் சேர ஏற்கெனவே உள்ள உறுப்பினர்கள் முன்மொழிய வேண்டுமே! அங்கேதான் தட்டிவிட்டார்கள். தலைமையகத்தின் சட்டப் புத்தகத்தில் நிறம் பற்றி ஒரு வரியும் வேண்டியதில்லை பாருங்கள், ஊர்க் கிளையில் நாலு பேர் மௌனமாக இருந்தாலே போதும். 1984-ல் விஷயம் பத்திரிகையில் வெடித்து, வழக்கறிஞர்கள் நுழைந்த பிறகுதான் கிளைக் கதவு திறந்தது. அவர் அதோடு விடவில்லை, போரில் பங்கெடுத்த கறுப்பினத்தவரைத் தேடிப் பதிவு செய்யுங்கள் என்றும் கேட்டு வாங்கினார். அந்த வேலை 2008-ல் பெரிய புத்தகமாக வந்தது. கறுப்பினத்தவரும் அமெரிக்கப் பழங்குடியினருமாக 6,600-க்கும் மேற்பட்ட பெயர்கள். அவற்றில் ஒன்றைக் காட்டி இனி அவர்கள் வழிவந்த பெண்களும் விண்ணப்பிக்கலாம்.